அன்ரியின் ஐபோனில் இல்லாத பொத்தான்

புளியந்தீவில் கேக் செய்து விற்கும் அன்ரி ஒருவருக்கு இணையத்தளம் செய்து கொடுத்திருந்தேன். கொக்கட்டிச்சோலையில் வீட்டில் இருந்தபடியே நான் செய்யும் வேலை அது. தளம் வெளியான மறுநாளே அவர் அழைத்தார்.

"புள்ள, கேக்கெல்லாம் வடிவா இரிக்கு. ஓடர் பண்ணுற பட்டன்தான் இல்ல."

குரோம் உலாவியில் திறந்தேன். பொத்தான் திரையின் அடியில் பச்சையாக நின்றது. அதன் டெவலப்பர் கருவியில் ஐபோன் அளவைத் தெரிவு செய்தேன், அப்போதும் நின்றது. ஃபயர்பாக்ஸுக்கு மாறினேன். எந்தப் பெட்டி எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டுவதில் எனக்கு அதுதான் தெளிவு. அதிலும் பொத்தான் இருந்தது.

"இரிக்கு அன்ரி. ஒருக்கா ரீஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க."

"பண்ணிட்டன். இல்ல."

அன்று முழுக்க இரண்டுக்கும் இடையே அலைந்தேன். ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. வந்திருந்தால் அதையாவது திட்டியிருப்பேன். இரண்டு கருவிகளும் காட்டியது ஐபோனின் அளவை மட்டுமே. உள்ளே ஓடியது என் மடிக்கணினியின் உலாவிதான். அன்ரியிடம் இருந்ததோ ஐபோனின் சொந்த உலாவியான சபாரி. அதற்குள் பார்க்கும் கருவி வேண்டுமானால், போனை வயரால் ஒரு மேக் கணினியில் இணைக்க வேண்டும். மேக்கை நான் கடைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் மடிக்கணினியோடு பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். குசினி மேசையருகே அமர்ந்து, எது மறைகிறது என்று அறியப் பக்கத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறம் பூசிப் பதிவேற்றினேன். மாவுக் கையோடு அன்ரி போனைப் பார்த்துச் சொன்னார்.

"இப்ப மேல சிவப்பாக் கிடக்கு. நடுவில மஞ்சள். பச்சை இல்ல. இத ஆரும் பாத்தா என்ட கடைக்கு வருவாங்களா?"

போனை வாங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. சபாரியின் முகவரிப் பட்டை திரையின் அடியில் இருந்தது. நான் பக்கத்துக்குக் கொடுத்த உயரம் அந்தப் பட்டைக்குக் கீழேயும் நீண்டிருந்தது. பொத்தான் பட்டைக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. ஒரே ஒரு வரியை மாற்றினேன்.

"ஓம், வந்திட்டு," என்றார் அன்ரி. "இதுக்கா இவ்வளவு பாடு?"

நான் மடிக்கணினியை மூடினேன். ஒரு துண்டு கேக்கை என் முன்னால் வைத்துவிட்டு அவர் தொடர்ந்தார்.

"என்ட தங்கச்சிட போன்ல படமெல்லாம் நீட்டுக்கு இழுபட்டு நிக்குதாம் புள்ள."

"அவட என்ன போன்?"

"இதே மாதிரி. கொஞ்சம் பழசு."

மூடிய மடிக்கணினியை மறுபடியும் திறந்தேன்.