நோவு விட்ட நாள்

அன்று விடிந்து வெகுநேரமாகியும் அக்கா எழும்பவில்லை. பாயில் நிமிர்ந்து படுத்து, வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டாள். அதற்கு முன் எத்தனையோ நாளாக அவள் படுத்ததே இல்லை. நிலத்தில் முழந்தாளிட்டு, கதிரையின் இருக்கையில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கிடப்பாள். நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் நிறைகுடத்தைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ பிசகியதாம். அன்றிலிருந்து நோவு இரண்டு கால்களிலும் இறங்கி அவளைப் படுக்க விடவில்லை. ஆகவே அந்த நித்திரையைக் கண்ட அம்மா, எங்களுக்கு மூச்சுக் காட்ட வேண்டாம் என்று சைகை செய்து, கூவிக்கொண்டிருந்த சேவலையும் துரத்திவிட்டார்.

மன்னார்த் தீவில் இராணுவச் சுற்றிவளைப்பும் ஊரடங்கும் மாறிமாறி வந்த காலம் அது. எங்கள் கரையோரக் கிராமத்திலிருந்து பட்டினத்து ஆஸ்பத்திரி பஸ் ஓடினால் கிட்டத்தான். பஸ் ஓட வேண்டுமே. ரோட்டுத் திறந்ததும் போகலாம் என்று அக்காவின் உடுப்புகளைப் பையில் அடுக்கிவைத்துக் காத்திருந்தோம். அம்மா தன் பங்குக்குப் புனித அந்தோனியாரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்: நோவை எடுத்துவிடும், அயல் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறேன். எங்கள் ஊரில் நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட மாட்டார்கள். கேட்டது கிடைத்த அன்றே சட்டி அடுப்பில் ஏற வேண்டும். பிந்தினால் தந்தவர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று ஒரு பயம்.

அக்கா எழும்பிக் கால்களைத் தடவிப் பார்த்தாள். "அம்மா, நோ விட்டிட்டுது. காலிலை ஒண்டும் தெரியேல்லை" என்றாள். நோ விட்டது மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது.

அன்று ரோட்டும் திறந்திருந்தது. இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. பட்டினம் போகும் பஸ் எங்கள் படலை வாசலைத் தாண்டிப் போனது. நாங்கள் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். கடலுக்குப் போகத் தடை, அதனால் மீன் இல்லை. அக்காவும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பரிமாறினாள். செருப்புக் கழன்றதும் தெரியாமல் நடந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். பின்னேரம் அவள் என்னைத் தனியே கூப்பிட்டு, காலையிலிருந்து சலம் போகவில்லை, முட்டுகிறதா என்றும் தெரியவில்லை என்றாள். அம்மாவிடம் சொன்னேன். சிறுநீர் பிரியும் என்று மல்லி அவித்துக் கொடுத்தார்.

மறுநாள் ரோட்டு மறுபடியும் பூட்டியாயிற்று. அது திறந்து, பட்டினத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்துத் தெற்கே பெரியாஸ்பத்திரியில் முதுகை வெட்டும்போது காலம் கடந்திருந்தது. முள்ளந்தண்டில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுப் பிதுங்கி நரம்புகளை நசுக்கிவிட்டதாம். நசுங்கும்போது நோகும், சாகும்போது நோகாது என்று தமிழ் தெரிந்த தாதி ஒருவர் விளங்கப்படுத்தினார். அம்மா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவின் பாதங்கள் பிறகு நிமிரவேயில்லை. ஊன்றுகோலோடு இழுத்து இழுத்து நடப்பாள். சலம் போகக் குழாய். சுடுமணலில் நின்று கால் கொப்புளித்தாலும் நாங்கள் கண்டு சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். பேசிவைத்திருந்த கலியாணமும் சத்தமில்லாமல் நின்றுபோனது. அம்மா யாரையும் திட்டவில்லை, ஆமியைக்கூட. அடுத்த வருடம் அதே நாளில் அக்கா அடுப்படியில் உட்கார்ந்து பூசணிக்காய் வெட்டத் தொடங்கியபோதுதான் வெடித்தார்.

"என்னத்துக்கடி இது? ஆருக்கு நன்றி சொல்லப் போறாய்?"

அக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அண்டைக்கு நான் நித்திரை கொண்டனான், அம்மா. அதுக்குப் பிறகு அப்பிடி ஒருநாளும் கொள்ளேல்லை. அந்த நித்திரையும் பிழையெண்டு சொல்லாதேங்கோ."

அம்மா தேங்காய் துருவ உட்கார்ந்தார். அழுதுகொண்டே துருவினார்.

அவர்கள் இருவரும் இப்போது இல்லை. எனக்கும் வயதாகி முதுகு நோகிறது, மாத்திரை தந்திருக்கிறார்கள். நோவு இருக்கும்வரை பாதகமில்லை, கண்ணயர்ந்துவிடுகிறேன். அது தணிந்தால்தான் திடுக்கிட்டு எழும்புகிறேன். குனிந்து, காலின் பெருவிரலை நகத்தால் அழுத்திக் கிள்ளிப் பார்க்கிறேன். நோகிறது. அதன் பிறகுதான் படுக்கிறேன்.