குற்றமற்றவர்களின் முகம் பார்த்தவர்

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நடந்த சாவு, அதே நகரத்தில் வெள்ளவத்தையில் இருக்கும் எனக்குக் கனடாவிலிருந்து வந்து சேர்ந்தது. காலையில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் ஸ்டெல்லாவின் மகன் டொமினிக்.

"ஆன்ரி, அம்மா போயிட்டா."

நித்திரையிலேயே போய்விட்டாராம். பக்கத்து வீட்டார் முதலில் அவனுக்குத்தான் அறிவித்திருக்கிறார்கள். "நீங்கள் போவியளா ஆன்ரி? அந்தப் பக்கம் நேற்றும் செக்கிங் எண்டு சொல்லுகினம்" என்று கேட்டான். போவேன் என்றேன். தனக்கு வர வழியில்லை என்பதை அவன் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. அகதி விண்ணப்பம் இன்னும் முடியாத பிள்ளை.

ஸ்டெல்லாவை அறிந்தவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். செத்தவீட்டுக்கு வர முடியாத அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் சந்தித்தது என் கணவர் காலமானதற்கு அடுத்த வருடம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அப்போது வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் நிலையம் ஒன்று இருந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுக்கென்று தனியாக ஓர் அலுமாரி. அதிலிருந்து நான் ஒரு புத்தகத்தை எடுத்ததும், முன்பின் தெரியாத பெண்ணொருவர் பக்கத்தில் வந்து நின்று, "அதை எடுக்காதையும். சமையல்காரியைக் கடைசி வரைக்கும் சந்தேகப்பட்டுப் போட்டு, ஒருத்தரும் அவளிட்ட மன்னிப்புக் கேக்கேல்லை" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "நீர் கதையைச் சொல்லிப்போட்டீர்."

"கொலைகாரன் ஆரெண்டு நான் சொல்லேல்லையே!"

"சமையல்காரி இல்லை எண்டு சொல்லிப்போட்டீரே."

"அதுதானே முக்கியம்" என்றார் அவர். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி அந்த அலுமாரிக்காக வருபவர் என்று பிறகு அறிந்தேன். அவரும் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவர். ஆனால் கொழும்பு மடம். என்னுடையது யாழ்ப்பாணத்து மடம். எங்கள் கன்னியர் இன்னும் கண்டிப்பானவர்கள் என்று நான் சொல்வேன். "அதுதான் உமக்குச் சிரிக்கப் பழக்கேல்லை" என்பார். கடைசி வரைக்கும் நான் அவருக்கு மிஸிஸ் சிவஞானம்தான். அவர் எனக்கு முதல் மாதத்திலேயே ஸ்டெல்லா ஆகிவிட்டார்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் என் வீட்டில் கூடுவது அப்படித்தான் தொடங்கியது. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற திரு. வைத்திலிங்கமும் ஹெவ்லொக் டவுனில் இருந்து சகோதரிகள் இருவரும் வந்தார்கள். வைத்திலிங்கத்தாரின் மகள் லண்டனில் இருந்தாள். நாங்கள் படித்த நாவல்களில் எவை தொலைக்காட்சி நாடகமாக வந்தாலும் கசெட்டில் பிடித்து அனுப்பிவிடுவாள்.

எங்கள் எல்லோருக்கும் பிடித்த துப்பறிவாளர் ஒருவர் உண்டு. புத்தகத்தில் அவர் மெலிந்த மனிதர். யாருடனும் கைகுலுக்க மாட்டார். கொலை நடந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவரைத் தொலைக்காட்சியில் பார்க்க நான் நல்ல சேலை உடுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கன்னம் உப்பிய ஒருவர் வந்தார். வந்து, பிணம் கிடந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டார். நான் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தப் போனேன்.

"இரும், மிஸிஸ் சிவஞானம்" என்றார் ஸ்டெல்லா. "சாப்பிட்டு முடிக்கட்டும். பாவம் மனிசன், எத்தினை புத்தகமாப் பட்டினி!"

எழுத்தில் உள்ளதை மாற்ற எவருக்கும் உரிமையில்லை என்பது என் கட்சி. இன்றும் அதுதான். ஸ்டெல்லாவின் கட்சி வேறு. "புத்தகத்தில கடைசி அத்தியாயத்தில எழுதினவருக்குக் கொலைகாரனில மட்டுந்தான் கண். இதில பாரும், கமரா மற்ற ஆக்களிட முகத்துக்கும் போகுது. 'நீ இல்லை' எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்ன உடன அந்த முகம் எப்பிடி மாறுது! நான் அதுக்குத்தான் பாக்கிறன்."

"நல்ல வாசகிக்கு அந்த முகம் தானாகத் தெரியவேணும்" என்றேன்.

"நீர் கெட்டிக்காரி. எனக்குக் காட்டவேணும்."

எங்கள் கூட்டத்துக்கு நான் வைத்த விதி ஒன்று இருந்தது. துப்பறிவாளர் எல்லோரையும் வரவேற்பறைக்கு அழைக்கும் கடைசிக் காட்சிக்கு முன்னால் கசெட்டை நிறுத்திவிடுவேன். தேநீரும் கட்லட்டும் வரும். ஒவ்வொருவராகக் கொலைகாரன் யாரென்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிறகுதான் மிச்சம் ஓடும். மின்வெட்டுக் காலத்தில், தீர்ப்பைச் சொல்லிவிட்டு முடிவை அறிய அடுத்த சனி வரை காத்திருந்ததும் உண்டு. வைத்திலிங்கத்தார் எந்தக் கதையிலும் புருஷனைத்தான் பிடிப்பார். ஸ்டெல்லா ஒருநாளும் கொலைகாரனின் பெயரைச் சொன்னதில்லை.

"தோட்டக்காரன் இல்லை. மருமகள் இல்லை. அந்த டொக்டரும் இல்லை, ஆள் சும்மா கோவக்காரன்."

"பிள்ளை, ஆர் இல்லை எண்டு கேக்கேல்லை. ஆர் எண்டு சொல்லும்" என்பார் வைத்திலிங்கத்தார்.

"அது உங்கட வேலை அண்ணை. என்ர வேலை ஆக்களை வீட்டுக்கு அனுப்பிறது."

டொமினிக் அவருக்கு ஒரே பிள்ளை. கட்டட ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் படவரைஞனாக வேலை செய்தான். ஒரு சனிக்கிழமை எங்களுக்குள் பெரிய தர்க்கம் நடந்தது. நாங்கள் பார்த்த நாடகத்தில் கொலை நடந்த மாளிகையின் நூலக அறை படிக்கட்டுக்கு இடப்பக்கம் இருந்தது. புத்தகத்தில் வலப்பக்கம் என்றேன் நான். இடப்பக்கந்தான் என்று வைத்திலிங்கத்தார் அடித்துச் சொன்னார். அது சிறிய விடயமல்ல. அறை இடப்பக்கம் இருந்தால், வேலைக்காரப் பெண் கொலைகாரனைக் கண்டிருக்கவே முடியாது. கடைசியில், புத்தகத்தில் உள்ளபடி அந்த வீட்டை டொமினிக் வரைந்து தரட்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டோம்.

அடுத்த சனிக்கிழமை ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல். டொமினிக்கே படத்தைக் கொண்டு வந்தான். அந்த வாரம் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. வெள்ளவத்தைக்கு வரும் வழியில் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். அவனுடைய சட்டைப் பையில் பெரிய வீடு ஒன்றின் வரைபடம் இருந்தது. வாசல்கள், ஜன்னல்கள், ஆட்கள் நின்ற இடங்களில் சிவப்புப் புள்ளடிகள். பக்கத்திலே அழகான தமிழ் எழுத்தில், கார் வரும் நேரம், விளக்கு அணையும் நேரம்.

யாருடைய வீடு என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வீடே இல்லை என்று அவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான்.

நான் அந்த நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு, காய்ச்சலோடு எழுந்து வந்த ஸ்டெல்லாவுடன், அவனைப் பிடித்து வைத்திருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். கன்னியர் கற்பித்த ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாகக் காட்டி விளக்கினேன். அதிகாரி மரியாதையாகவே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "நோனா, இங்கிலாந்தில இருக்கிற வீட்டுக்கு ஏன் தமிழில பிளான்?" என்றார் சிங்களத்தில்.

"மாத்தயா, நாங்கள் யோசிக்கிறது தமிழிலதானே" என்றார் ஸ்டெல்லா. அவருடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது. அதிகாரியின் உதட்டில் சிரிப்பு வந்து போயிற்று. ஆனால் டொமினிக்கை விடவில்லை. அங்கிருந்து வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மாதங்கள் போயின.

அந்த மாதங்களில் ஸ்டெல்லா ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. ஹெவ்லொக் டவுன் சகோதரிகளில் ஒருவர், எப்படி உங்களால் இதைப் பார்க்க முடிகிறது என்று கேட்டே விட்டார். "இங்க வந்தால் ஒரு மணித்தியாலத்தில ஆரோ ஒரு அப்பாவி வீட்டுக்குப் போறான்" என்றார் ஸ்டெல்லா.

ஒருநாள் அவனையும் விட்டார்கள். வழக்கு இல்லை. போ என்றார்கள், வந்தான். செய்தி கேட்டு நான் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது ஸ்டெல்லா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"விட்டிட்டினம். ஆனால் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

"என்ன சொல்லேல்லை?"

"அவன் செய்யேல்லை எண்டு."

வேலைத்தலம் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. சும்மாவா கொண்டுபோயிருப்பாங்கள் என்று ஒழுங்கையில் கதைத்தார்கள். அவன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. தாயோடும் பேச்சுக் குறைந்துவிட்டது. 'என்ர பிள்ளை செய்யேல்லை' என்று ஸ்டெல்லா எத்தனை தரம் சொன்னாலும் அது தாயின் வார்த்தை; உலகம் அதைக் கணக்கில் எடுக்காது, அவனும் எடுக்கவில்லை. வேறு ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்கச் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசல் பக்கக் கதிரையின் நுனியில் அவன் உட்கார்ந்தான். வைத்திலிங்கத்தார் என் பின்னால் குசினிக்கு வந்தார்.

"மிஸிஸ் சிவஞானம், குறை நினைக்காதேங்கோ. கொஞ்ச நாளைக்குத் தம்பி வராமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லம். போன மாதந்தான் என்ர வீட்டிலயும் வந்து ஆர் ஆர் வந்து போறது எண்டு விசாரிச்சவங்கள்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்த நாட்களில் பயப்படாதவர் யார்? நான் கட்லட் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வழக்கம்போலக் கடைசிக் காட்சிக்கு முன்னால் கசெட்டை நிறுத்தினேன். தேநீர் ஊற்றினேன். டொமினிக் கட்லட் வேண்டாம் என்றான். வைத்திலிங்கத்தார் தீர்ப்புச் சொல்லத் தொண்டையைச் செருமினார். நான் எழுந்து நின்றேன். மேடைப் பேச்சு எனக்கு ஆகாது. ஆனாலும் நின்றேன்.

"கதையில இருக்கிற ஆக்கள் பிறகு. இந்த அறையில ஒருத்தரில சந்தேகம் இருக்கு, முதல் அதைத் தீர்ப்பம். டொமினிக் கீறினது நாங்கள் கேட்ட பிளான். இதே கதிரையளில இருந்து எல்லாரும் சேர்ந்துதான் கேட்டனாங்கள். அவன் ஒரு பிழையும் செய்யேல்லை. ஆருக்கும் மறுப்பு இருந்தால் இப்ப சொல்லுங்கோ. இல்லையெண்டால் இனி எங்கயும் சொல்லக்கூடாது."

சகோதரிகள் இருவரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்திலிங்கத்தார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டொமினிக்" என்றார். "அந்தப் பிளானில லைப்ரரி எந்தப் பக்கம் வந்தது?"

"வலப்பக்கம், அங்கிள்."

"பார்த்தியளே, நான் அப்பவே சொன்னனான்."

"அண்ணை! நீங்கள் இடப்பக்கம் எண்டல்லோ சத்தம் போட்டனீங்கள்!" என்றார் இளைய சகோதரி. மூத்தவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். வைத்திலிங்கத்தார் தட்டை எடுத்து டொமினிக்கிடம் நீட்டினார். அவன் ஒரு கட்லட்டை எடுத்தான்.

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு போனார்.

அதற்காக அவர் எனக்கு நன்றி சொன்னதே இல்லை. நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். அடுத்த வருடம் டொமினிக் வெளிநாடு போனான். ஸ்டெல்லா தனியே இருந்தார், சனிக்கிழமைகளில் வந்தார், எனக்கு எதிர்க்கட்சியாகவே இருந்தார். நோய் வந்து பஸ் ஏற முடியாமல் போன பிறகு நான் அவரிடம் போனேன். கடைசியாகப் பார்த்தபோது, "இந்தத் தரம் புத்தகந்தான் நல்லம், மிஸிஸ் சிவஞானம்" என்றார். என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார் என்று தெரிந்து, பொய் சொல்லாதையும் என்றேன். "நோயாளியிட பொய்யைச் சுவாமியே கணக்கெடுக்கிறேல்லை. நீர் விடமாட்டீர்" என்றார்.

அடுத்த நாள் இறுதிச்சடங்குக்கு நானும் வைத்திலிங்கத்தாரும் ஓட்டோவில் போனோம். வழியில் மறித்து அடையாள அட்டை பார்த்தார்கள். பெட்டி மூடுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டோம். நெற்றியில் முத்தமிடும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று இட்டேன்.

பின்னேரம் டொமினிக் திரும்ப எடுத்தான். யார் யார் வந்தார்கள், என்ன பாட்டுப் பாடினார்கள், அம்மாவுக்கு என்ன சேலை உடுத்தினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் கேட்டான்.

"ஆன்ரி, ஒண்டு கேக்கலாமே? அண்டைக்கு உங்கட வீட்டில எழும்பி நிண்டு சொன்னனீங்கள். அது அம்மா சொல்லச் சொல்லிக் கேட்டவவா?"

"இல்லை."

"உண்மையா?"

"நான் பொய் சொல்லுறேல்லை எண்டு உனக்குத் தெரியும்."

"இவ்வளவு காலமும் அம்மா கேட்டுத்தான் சொன்னனீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன், ஆன்ரி." அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். முதல்நாள் தாயின் சாவைச் சொன்னபோது அழாத பிள்ளை.

தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் அதனருகிலேயே இருந்தேன். அந்த நாட்களில் ஸ்டெல்லா வாரந்தோறும் என் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். அப்படியென்றால், இன்று அவன் கேட்ட கேள்விக்கு நான் ஓம் என்றல்லவா சொல்ல வேண்டி வந்திருக்கும். கேட்டு வாங்கிய வாக்கியம் தன் பிள்ளைக்கு உதவாது என்று அவர் அறிந்திருந்தார். அறிந்து, என் தேநீரைக் குடித்துக்கொண்டு, என்னோடு வழக்காடிக்கொண்டு, கேட்காமல் இருந்தார்.

அவர் சொன்னவை பலருக்கு நினைவிருக்கும். அவர் என்னிடம் கேட்காமல் இருந்த அந்த ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன்.