பூட்டிய அலுமாரிக்குள் ஓடிய மணிக்கூடு

ஒரு கைமணிக்கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே பற்றரி இருக்கிறது, இது கொப்பி, போலி என்று சொல்ல வேண்டும். றியாஸ் என் கடைக்கு வந்து கேட்டது அவ்வளவுதான். உண்மையிலேயே பற்றரி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இருக்கிறது என்றே சொல்லுங்கள் என்றான்.

கல்முனை பஸாரில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் கட்டாரில், பெயர்போன சுவிஸ் மணிக்கூடுகளை விற்கும் அங்கீகாரம் பெற்ற டீலர் ஒருவரின் சேர்விஸ் அறையில் நீண்ட காலம் வேலை செய்தேன். கொப்பியை ஒரிஜினல் என்று சொல்லச் சொல்லிப் பலர் கெஞ்சியிருக்கிறார்கள். ஒரிஜினலாக இருந்தாலும் கொப்பி என்று சொல்லச் சொல்லி வந்த முதல் ஆள் இவன்தான்.

மணிக்கூடு அவனுடைய மச்சான் நௌபருடையது. தங்கை பரீனாவின் கணவர். கட்டாரில் சாரதியாக இருந்தவர். சில வாரங்களுக்கு முன் அங்கேயே, தூங்கப் போன கட்டிலில் மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவை இங்கே கொண்டுவருவதென்றால் நாட்கணக்கில் இழுபடும், அங்கேயே அடக்குங்கள் என்று வீட்டார் போனில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். தொழுகை நடந்த வீடியோ வந்தது. அதில் கஃபன் துணிதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

“தங்கச்சி இத்தா இரிக்க மாட்டன் எண்டு நிக்கிறா நானா. உசிரோட இரிக்கிற மனுசனுக்கு என்னத்துக்கு இத்தா எண்டு கேக்கிறா” என்றான் றியாஸ். எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம்.

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்கும் காலம் அது. ஊர் வாயை மூட முடியாது என்பது ஒருபக்கம். அதைவிடத் தங்கையின் புத்தி பேதலித்துவிடுமோ என்பதுதான் அவன் பயம். பரீனா இப்படிச் சொல்வதற்குக் காரணம், பூட்டிய அலுமாரிக்குள் கிடந்த அந்த மணிக்கூடு.

டீலரிடம் வாங்கலாமா

வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. டீலரிடம் வாங்குவது பெறுமதியா, இல்லை வெளிக்கடையில் வாங்கிவிடலாமா? உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். டீலர் உங்களை மெத்தை நாற்காலியில் இருத்திக் கஹ்வா குடிக்கத் தருவான். நீங்கள் கேட்ட மணிக்கூடு மட்டும் இருக்காது. பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள், வந்தால் சொல்கிறோம் என்பான். இடையில் உங்களுக்குத் தேவையில்லாத இன்னொன்றைத் தலையில் கட்டப் பார்ப்பான். காசு கொடுக்கப் போகிறவன் சம்பந்தம் பேச வந்தவன் மாதிரிப் பவ்வியமாக இருக்க வேண்டும். மேலே தொங்கும் சரவிளக்குக்கும் சேர்த்துத்தான் விலை. அடுத்த தெருவில் அதே மணிக்கூடு உடனே கிடைக்கும், ஆனால் அது ஒரிஜினல்தானா என்பதற்கு விற்பவனின் வாய்தான் சாட்சி. இங்கே ஊருக்கு வந்துவிட்டால் டீலரின் உத்தரவாதத்துக்கும் கொழும்புக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஆகவே முன்பெல்லாம் உங்கள் விருப்பம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நௌபரின் மணிக்கூட்டுக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை.

நௌபர் பெயர் பதிந்து, காத்திருந்து, டீலரிடம்தான் வாங்கியிருக்கிறார். ஒரு சாரதிக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்களாம். மனிதருக்கு அது ஒன்றுதான் ஆசை. லீவில் வந்தபோது மனைவிக்கு விளக்கியிருக்கிறார். இதில் பற்றரி கிடையாது, ஓட்டோமெட்டிக். கை ஆடும்போது உள்ளே ரோட்டர் என்ற அரைவட்டத் தகடு சுழலும், அது ஸ்பிரிங்கை முறுக்கும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் நின்றுவிடும். தொழிலில் உள்ளவன்கூட இவ்வளவு சரியாகச் சொல்ல மாட்டான். ஆனால் கடைசியில் பகிடியாக ஒன்றைச் சேர்த்துவிட்டார். இது என்ட உசிர்லதான் ஓடுது புள்ள என்றாராம்.

அவர் மௌத்தான அன்று அறைக்கூட்டாளி ஒருவன், களவு போய்விடும் என்று மணிக்கூட்டைத் தன் கையில் கட்டிக்கொண்டான். கழற்றாமலே ஊருக்கு வந்து பரீனாவின் உம்மாவிடம் ஒப்படைத்தான். பரீனா அதை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் இருந்த கொக்கியில் தொங்கவிட்டாள். தொழுகைக்குக் கைகால் கழுவ, வுழூ எடுக்கப் போகுமுன் நௌபர் எப்போதும் மாட்டும் கொக்கி அது. நிற்கட்டும், நின்ற பிறகு அழலாம் என்று காத்திருந்தாளாம். அது நிற்கவே இல்லை.

திரைக்கு அந்தப் பக்கம்

மருதமுனையில் அவர்கள் வீடு. முன் ஹோலில் சுவரோடு சேர்த்து அடித்த மர அலுமாரி, அதன் பக்கத்தில் உள்ளறைக்குப் போகும் வாசலில் துணித் திரை. நான் வெளியாள் என்பதால் பரீனா திரைக்குப் பின்னால் நின்றாள். உம்மா என் எதிரில் கதிரையில் இருந்தார். றியாஸ் அலுமாரியைத் திறந்து மணிக்கூட்டை எடுத்து என் கையில் வைத்தான்.

இளஞ்சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் கழற்றிய மாதிரி. நமது வெயிலில் மூடிய அலுமாரிக்குள் எதுவும் சூடாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளியில் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், மணி மூன்றரை ஆகப் போகிறது. மணிக்கூடு இன்னும் ஒரு மணியைத் தாண்டவில்லை. இரண்டரை மணி நேரம் பிந்தி, கட்டார் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 

பின்மூடியைத் திறந்து கண்ணில் லென்ஸை மாட்டினேன். இப்போது கொப்பியிலும் ஓட்டோமெட்டிக் வருகிறது, அதனால் ரோட்டரைக் கண்டதும் முடிவுக்கு வரக் கூடாது. திருகாணிகளின் தலை, சக்கரங்களைத் தாங்கும் பாலங்களின் ஓரச் சீவல், எழுத்தின் ஆழம் எல்லாவற்றையும் பார்த்தேன். நான் அங்கே நூற்றுக்கணக்கில் திறந்து மூடிய அதே உள்ளியந்திரம், அதே மூவ்மெண்ட். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

றியாஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பற்றரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீடு அடங்கிவிடும். ஆனால் அதோடு நௌபர் ஏமாந்தவராகவோ பொய்யராகவோ ஆகிவிடுவார். தனக்காக வாய் திறக்க முடியாத மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ஒரிஜினல்தான். பற்றரி இல்ல” என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வந்தது. அழுகை கலந்த குரல் இல்லை, நிதானமான குரல். “அப்ப இது ஓடக் கூடாதுதானே நானா?”

“ஓடக் கூடாது தங்கச்சி.”

“ஓடுதே.”

வீட்டில் யாரோ கையால் திருகி ஸ்பிரிங்கை முறுக்குகிறார்கள் என்று நினைத்தேன். அவளே தூக்கத்தில் எழுந்து செய்யலாம், இப்படியும் நடக்கும். ஆகவே மணிக்கூட்டைப் பழைய கொக்கியிலேயே மாட்டச் சொல்லி, அலுமாரியைப் பூட்டி, கதவு இடுக்கின் மேல் டேப் ஒட்டி, அதில் என் கையெழுத்தைப் போட்டேன். சாவியை நானே கொண்டுவந்துவிட்டேன்.

ஒரு வாரம் பொறுத்துப் போனேன். டேப் கிழியவில்லை, கையெழுத்து அப்படியே இருந்தது. முன்போலவே பரீனா திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். திறந்தேன். விநாடிமுள் வழுக்கிக்கொண்டு ஓடிற்று. கட்டாரில் அப்போது என்ன மணியோ அதே மணி. மறுபடி பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவன் நான். அன்று கடற்கரை வீதியால் திரும்பும்போது, நல்ல வெளிச்சத்தில், மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் யாரோ இருப்பது போலிருந்தது. துணைக்கு ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன். றியாஸின் உம்மா, மார்க்கம் படித்த ஹஸ்றத் ஒருவரைக் கூட்டிவந்து ஓதிப் பார்க்க ஏற்பாடு செய்திருப்பதாகப் போனில் சொன்னார். பேசாமல் பற்றரி என்றே சொல்லியிருக்கலாமோ என்று அடுத்த இரண்டு மூன்று நாளும் எனக்குள் அடித்துக்கொண்டது. எத்தனை மணிக்கூடு பார்த்தவன், ஒன்று ஓடுவதற்குக் காரணம் தெரியாமல் இருக்கிறேனே என்ற ஆத்திரம் வேறு.

சொல்லாமல் போன நாள்

நிந்தவூரில் ஒரு வேலை முடிந்து வரும் வழியில், கல்முனையில் நிற்காமல் நேரே மருதமுனைக்குப் போய்விட்டேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. மதிய லுஹர் தொழுகை முடிந்த நேரம். உம்மா கதவைத் திறந்து, இரிங்க மகன், றியாஸ் இப்ப வந்திருவான் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். ஹோலில் நான் தனியே. சாவி என்னிடம் இருந்தது. அலுமாரியைத் திறந்தேன்.

மணிக்கூடு கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்த வேகத்தில் ஆடுகிறது என்று கதவைக் கையால் பிடித்து நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கதவு அசையவில்லை. மணிக்கூடு ஆடிற்று. உயிருள்ள ஒரு கை அந்தப் பட்டிக்குள் இருந்து மெதுவாக அசைவது போல, நின்று நின்று, ஒரே ஒழுங்கில். ஓடிவிடலாம் என்றுதான் திரும்பினேன். திரும்பும்போது அலுமாரியில் ஊன்றியிருந்த என் உள்ளங்கையில் ஓர் அதிர்வு பட்டது. பிறகுதான் காதில் விழுந்தது. டக், டக். தறி.

நெசவு ஊரான மருதமுனையில் தறிச் சத்தம் யாருக்கும் கேட்காது. காக்கைச் சத்தம் மாதிரி, அது எப்போதும் இருப்பது. அலுமாரி அடித்திருந்த அதே சுவருக்குப் பின்னால் கூரைத்தகடு போட்டுத் தறிக்கொட்டில் இறக்கியிருந்தார்கள். தறியின் கட்டை அந்தச் சுவரிலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஊடை நூலை இறுக்க ஒவ்வொரு முறை பலகையை அடிக்கும்போதும் சுவர் அதிர்ந்தது, அதில் அடித்த அலுமாரி அதிர்ந்தது, கொக்கி அதிர்ந்தது, மணிக்கூடு ஆடிற்று. உள்ளே ரோட்டர் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தறி ஓயும், ஆனால் ஒருநாள் ஓய்வை ஸ்பிரிங் தாங்கும்.

இரண்டு தடவை வந்தும் எனக்கு இது ஏன் தெரியவில்லை? அந்த இரண்டு தடவையும் தறி நின்றிருந்தது. தறியில் இருந்தவள் எழுந்துவந்து, திரைக்குப் பின்னால் நின்று என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

நௌபரின் செய்தி வந்த பிறகு பரீனா விடிந்தால் தறியில், பொழுது பட்டால் தறியில் என்று இருந்திருக்கிறாள். இடுப்பில் உடுக்கும் சாரம் நெய்கிற வீடுதான் அது, ஆனாலும் இவ்வளவு நேரம் அவள் முன்பு இருந்ததில்லை என்று உம்மா பிறகு சொன்னார். வேறு என்ன செய்வாள், பாவம்.

நான் குரல் கொடுத்தேன். “தங்கச்சி, தறிய ஒருக்கா நிப்பாட்டுங்க.”

சத்தம் நின்றது. மணிக்கூட்டின் ஆட்டம் குறைந்து குறைந்து அடங்கிற்று. இன்னும் கொஞ்சம் நெய்யுங்கள் என்றேன். மறுபடி ஆடிற்று. உம்மா தேத்தண்ணியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தறி மீண்டும் நின்றது. திரை விலகியது. அத்தனை நாளும் குரலாக மட்டும் இருந்தவள், முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டு ஹோலுக்குள் வந்தாள். மிகவும் சின்னப் பெண்ணாக இருந்தாள்.

“உம்மா, நீங்க போய் அடிங்க” என்றாள்.

உம்மா போய்த் தறியில் இருந்தார். சத்தம் தொடங்கியது. பரீனா கொக்கியின் முன்னால் நின்று, மணிக்கூடு ஆடுவதை நெடுநேரம் பார்த்தாள். ரோட்டரைப் பற்றி அவளுக்கு அவளுடைய கணவரே சொல்லிக்கொடுத்திருந்தார்.

“அப்ப நான்தான்” என்றாள். “அவரு இல்ல. நான்தான் ஓட்டிக்கிட்டு இரிந்திருக்கன்.”

தறி ஓய்ந்தது. உம்மா வந்து அவளைத் தொட்டதும் அவள் உடைந்தாள். ஒரு வீட்டில் மௌத்துச் செய்தி வந்த முதல் நாளில் கேட்கும் அழுகை அது. நான் வாசலுக்கு வந்து முற்றத்தில் நின்றேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. றியாஸ் அப்போதுதான் வந்து இறங்கினான். தங்கைக்கு என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடினான்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அழுகை அடங்கி, பரீனா றியாஸிடம் பேசுவது கேட்டது. “நானா, வெள்ள உடுப்பு எடுத்துத் தாங்க. மிச்ச நாளாவது அவருக்கு இத்தா இரிக்கன்.”

நான் உள்ளே போய், மணிக்கூட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து உடுப்புகளுக்கு நடுவில் ஆடாதபடி படுக்க வைத்துவிட்டு வந்தேன். அது நின்ற நேரத்தை யாரும் பார்க்கவில்லை என்று றியாஸ் பின்னொருநாள் சொன்னான்.

இனி டீலரிடம் வாங்கலாமா என்ற அந்தக் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளே, டீலரிடம் வாங்கினால் மணி பிந்தாது என்றோ, விற்றால் லாபம் வரும் என்றோ நான் சொல்ல மாட்டேன். போனைப் பார்த்தாலே மணி தெரிந்துவிடும். ஆனால் நௌபரை யாராவது ஏமாற்றி, பற்றரி போட்ட கொப்பியை ஓட்டோமெட்டிக் என்று விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் திறந்து பார்க்காதவரை, தறி ஓய்ந்திருந்தாலும், சுவரே விழுந்திருந்தாலும் அது வருஷக்கணக்கில் ஓடியிருக்கும். அந்தப் பெண்ணும் அவ்வளவு காலமும் அவர் வருவார் என்று வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். நல்ல பொருள், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும். முடிந்தால் அதற்குக் காசு கொடுங்கள்.