நூலக்காவின் இரண்டு கைகள்

கடைசி நிறுத்தத்தில் கடைசிப் பயணியும் இறங்கியதும், என்ஜினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து, அது சரியாக விழுந்ததா என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் சீருடைப் பையிலிருந்து நூல் பின்னும் கொக்கி ஊசி வெளியே வரும். நடுவில் ஒரு சின்ன வளையம், அதைச் சுற்றிச் சுற்றி வரிசைகள், மூலை வரும்போது மட்டும் கூடுதலாகப் பின்னித் திருப்பினால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்திருக்காமலே, தேநீர் ஆறுவதற்குள் பாதியை முடித்துவிடுவார். அடுத்த நடைக்கு விசில் கேட்டால் போதும், வரிசை எங்கே நின்றாலும் ஊசியை நூலோடு சேர்த்துப் பைக்குள் திணித்துப் பொத்தானைப் போட்டுவிடுவார். “ஸ்டீரிங்குக்கும் ரெண்டு கை வேணும், இதுக்கும் ரெண்டு கை வேணும். எனக்கு இருக்கிறதே ரெண்டுதான்” என்பார்.

பணிமனையில் அவருக்கு நூலக்கா என்று பெயர். புதிதாக வந்த நடத்துநர் ஒருவர், இவர் முன்பு நூலகத்தில் வேலை பார்த்தவர் போலிருக்கிறது என்று நினைத்து, மகனுக்குப் பரீட்சைப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டு மாட்டிக்கொண்டார். ஆள் ஒல்லி, குரல் கட்டை. படிக்கட்டில் தொங்குகிறவர்களைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தே உள்ளே ஏற்றிவிடுவார்.

பூப்போட்டது, ஐந்து நிறத்தைக் கலந்தது எல்லாம் அவருக்கு ஆகாது. ஒரு சதுரத்துக்கு ஒரே நிறம். கடுகு மஞ்சள், செங்கல், சிலேட்டுச் சாம்பல், பாசிப் பச்சை, இடையிடையே வெள்ளை. “ஒவ்வொண்ணும் தன் நிறத்தோட சும்மா உட்காரட்டும். பக்கத்துல எது வருதுங்கிறதுலதான் அழகு இருக்கு.” படிப்பு முடிந்து மகள் வேலைக்கு வேறு ஊர் போகும்போது கொடுத்தனுப்பத்தான் இந்தப் போர்வை. ஒரு பின்னல் பிசகினாலும் சதுரம் முழுவதையும் உருவிப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். கூட வரும் நடத்துநர் தலையில் அடித்துக்கொள்வார்.

அன்று காலையில் மழை. சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பூட்டு ரிப்பேர்காரர் ஒருவர் ஒரு திருப்பத்தில் சாக்கடை மூடியின் மேல் சறுக்கி, பேருந்துக்கு முன்னால் விழுந்தார். நூலக்கா பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, ஆனால் நிற்பதற்குள் அவரை இடித்துவிட்டது. ரோட்டில் சாவிகள் சிதறிக் கிடந்தன. ஆம்புலன்ஸ் வரும்வரை நூலக்கா நனைந்தபடி அவர் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தார். பாதி முடிந்த சதுரத்தின் கடுகு மஞ்சள் நூல் பையிலிருந்து நழுவித் தொங்கியது அவருக்குத் தெரியாது. யாரோ அதைப் படம் எடுத்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. பின்னிக்கொண்டே பஸ் ஓட்டிய பெண் என்று கீழே எழுதியிருந்தது. பணிமனையில் நிர்வாகம் அந்த அரைச் சதுரத்தை ஊசியோடு வாங்கி வைத்துக்கொண்டு, அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி, விசாரணைக்குத் தயாராக இருக்கச் சொன்னது. தினமும் கூடவே வண்டியில் வந்த நடத்துநர்கூடப் போனை எடுக்கவில்லை.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கணவர் இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். “நிஜமாவே பின்னலையே?”

நூலக்கா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டார். “இத்தனை வருஷம் கூட இருந்துட்டு நீங்களே கேக்கறீங்களா?”

“கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்ல.”

“என்கிட்ட கேட்டுட்டா சொல்லணும்? தெரியாதா உங்களுக்கு?”

கணவர் கை கழுவப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். அதன்பின் வாசலில் யாராவது விசாரித்தால் மட்டும், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று நூலக்கா துடித்தார். தொழிற்சங்கச் செயலாளர் தடுத்தார். “விசாரணை முடியட்டும்கா. இப்போ போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். உங்க வேலைக்குத்தான் ஆபத்து.” பூட்டு ரிப்பேர்காரர் கண் திறக்கவில்லை என்ற செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. போன் அடித்தால் ஓடுவார். எடுத்துப் பார்த்தால் ஏதாவது விளம்பரமாக இருக்கும்.

வீட்டில் கை சும்மா இருக்க மறுத்தது. வேறொரு ஊசியை எடுத்தார். சதுரங்கள் மளமளவென்று விழுந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்த்துப் பின்னலாம் என்று எல்லாவற்றையும் கூடத்துத் தரையில் பரப்பியபோது மகள் குனிந்து பார்த்தாள்.

“மா, இதெல்லாம் ஏன் சின்னதா இருக்கு?”

அதே நூல், அதே அளவு ஊசி, அதே வரிசைக் கணக்கு. ஆனால் விபத்துக்குப் பிறகு பின்னியவை எல்லாம் ஒரு விரல் அகலம் சுருங்கியிருந்தன. நூலை அப்படி இழுத்து இறுக்கியிருக்கிறார். தொட்டால் அட்டை மாதிரி விறைப்பு. பெரியதையும் சின்னதையும் சேர்த்தால் போர்வை படியாது, சுருக்கம் விழுந்து தூக்கிக்கொண்டு நிற்கும். நூலக்கா ஒரு செங்கல் நிறச் சதுரத்தை எடுத்து, முடிச்சைத் தேடி உருவத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். எதையும் உருவிப்போடத் தயங்காத கை அன்றைக்கு ஏனோ ஓடவில்லை. பிறகு சாம்பல் நூலை எடுத்து, குட்டையாகிப்போன ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வரிசை கூட்டினார். அளவு சரியாகிவிட்டது. ஒரே நிறம் என்ற அவருடைய சட்டம்தான் போயிற்று.

“இதுவும் நல்லாத்தான்மா இருக்கு” என்றாள் மகள்.

“நல்லா இல்லை. ஆனா இப்படித்தான் இருக்கு.”

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். மேசைமேல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், அந்தக் கடுகு மஞ்சள் அரைச் சதுரம் ஊசியோடு கிடந்தது.

“வண்டி ஓடும்போது பின்னுவீங்களா?”

“இல்லீங்க சார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க” என்று ஓரத்தில் இருந்தவர் சொல்லி, பேருந்துக்குள் இருந்த கேமராவின் பதிவை ஓடவிட்டார். திரையில் நூலக்கா தன் முதுகையும் தோளையும் பார்த்தார். வைப்பர் போய்ப்போய் வந்தது. இரண்டு கையும் ஸ்டீரிங்கில். சைக்கிள் சாய்ந்ததும் தோள் முழுக்க முன்னால் பாய்ந்து பிரேக்கில் இறங்கியது. மறுபடி ஓடவிட்டார்கள். மறுபடியும் இரண்டு கையும் ஸ்டீரிங்கிலேயே இருந்தன. நடுவில் இருந்த அதிகாரி பிளாஸ்டிக் உறையை அவர் பக்கமாகத் தள்ளினார். “எடுத்துக்கோங்கம்மா. திங்கட்கிழமை டூட்டிக்கு வாங்க.”

வெளியே சங்கச் செயலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நூலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சைக்கிள் விழுந்த நிமிஷத்துக்கு முன்னால், கடுகு மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சையை வைப்பதா சாம்பலை வைப்பதா என்று யோசித்த ஞாபகம் அவருக்கு இருந்தது. அது முந்தைய நிறுத்தத்திலா, அந்தத் திருப்பத்திலா என்பதுதான் எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை. எந்தக் கேமராவிலும் அது பதிவாகியிருக்காது.

அன்றே மருத்துவமனைக்குக் கிளம்பினார். பூட்டு ரிப்பேர்காரர் கண் விழித்துவிட்டார், பேச்சு இன்னும் வரவில்லை என்று காலையில்தான் செய்தி வந்திருந்தது. மகள் சேர்த்து முடித்த போர்வையை மடித்துக்கொண்டு வந்தாள். “இதைக் கொண்டுபோய்க் கொடேன்மா. எனக்கு இன்னொண்ணு போட்டுக்கலாம்.”

“போர்வையைக் கொடுத்து அவரோட சம்சாரம் வாயை அடைக்கச் சொல்றியா? உள்ள வை. நான் வெறுங்கையோடதான் போவேன்.”

வார்டுக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். பூட்டு ரிப்பேர்காரரின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் துணிப்பை, பிளாஸ்க், மருந்துச் சீட்டு. யார் என்று நூலக்கா சொல்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படத்தை அவரும் பார்த்திருந்தார்.

“நீங்கதானா?”

“நான்தாம்மா.”

“பின்னிக்கிட்டே ஓட்டினீங்களாமே?”

நடந்துபோன நர்ஸ் ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். விசாரணையில் என்ன சொன்னார்கள் என்பது நூலக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லவில்லை.

“இல்லம்மா. ரெண்டு கையும் ஸ்டீரிங்லதான் இருந்துச்சு. கண்ணும் ரோட்டுலதான் இருந்துச்சு.” ஒரு அடி கிட்டே வந்தார். “மனசு எங்க இருந்துச்சுன்னு மட்டும் எனக்கே தெரியல. அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்.”

அந்தப் பெண் வார்டுக் கதவின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நூலக்கா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார்.

பிறகு அந்தப் பெண், திரும்பிப் பார்க்காமலே, பக்கத்து நாற்காலியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியைக் காலியாக்கினார்.