அம்மா நம்பருக்கு எதிரே ஒரு பச்சை டிக்

உத்தனப்பள்ளியில் எங்கள் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபுக்கு ஒரு வாசனை உண்டு. சூடான தூசியும், மழையில் நனைந்து காய்ந்த யூனிஃபார்மும் சேர்ந்த மாதிரி... படிப்புக்காக ஹாஸ்டலில் கொடுத்த இந்த லேப்டாப்பை இப்போது போர்வைக்குள் திறந்ததும் அதே வாசனை.

வார்டன் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டால் மூடிவிடுவேன். பாதியில் நின்றால் கோவிச்சுக்காதீங்க, என் பழைய நைன்த் பி கிளாஸ்.

உங்களுக்கு நினைவிருக்கும், எக்ஸிபிஷனுக்கு நான் செய்த யானை அலாரம். ஓசூரிலிருந்து வந்தால் உத்தனப்பள்ளிக்கு முந்தின ஸ்டாப் எங்கள் ஊர். கேழ்வரகு முற்றும் காலத்தில் கர்நாடகா காட்டிலிருந்து யானைகள் இறங்கிவிடும். காவலுக்கு நிற்கும் பசப்பா மாமா தன் போனில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், எங்கேயோ இருக்கும் சர்வரில் என் ஸ்கிரிப்ட் ஓடும். போன் கால் போட்டுத் தரும் ஒரு வெப் சர்வீஸுக்கு, ஊரிலுள்ள ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பும். எடுத்தால் என் குரல். "யானை வந்திருக்கு, தைலமரத் தோப்பு ரோட்டுப் பக்கம் வராதீங்க." அதையே கன்னடத்திலும் தெலுங்கிலும்.

என் தெலுங்கைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

ரிக்வெஸ்டுக்கு அந்த சர்வீஸ் "சரி" என்று பதில் தந்ததும், நம்பருக்கு எதிரே பச்சை டிக் விழும்படி எழுதியிருந்தேன். எக்ஸிபிஷனில் அந்தப் பச்சைக்குத்தான் கைதட்டல். அது முடிந்த பிறகும் மாமா அலாரத்தை விடவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, கவிதா மிஸ் கம்ப்யூட்டர்களை அணைத்துக்கொண்டு வந்தார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சும்மா என் பக்கத்தைத் திறந்தேன். மாமா அப்போதுதான் தட்டியிருந்தார். வரிசையாகப் பச்சை. அம்மா நம்பருக்கும் பச்சை.

அம்மா ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட். கம்பெனி பஸ் தோப்பு முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து தோப்பு வழியாகத் தனியாக நடக்க வேண்டும்.

பச்சைதானே என்று எழுந்தேன். ஆனால் சர்வீஸ் அனுப்பிய முழுப் பதிலும் கீழே கிடந்தது. அதுவரை நான் அதைப் படித்ததே இல்லை. உங்கள் கால் கியூவில் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான் அதில் இருந்தது. கால் போய்ச் சேர்ந்ததாக எங்கேயும் சொல்லவில்லை.

ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஐடி இருந்தது. அதைக் கொடுத்து, என்ன ஆச்சு என்று கேட்க இன்னொரு ரிக்வெஸ்ட் அனுப்பலாம். மறுபடி உட்கார்ந்து எழுதி அனுப்பினேன்.

அம்மா நம்பர்... ஃபெயில்ட்.

கம்பெனி கேட்டில் போனை ஆஃப் செய்து லாக்கரில் வைக்க வேண்டும். திரும்ப எடுக்கும்போது, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஆன் செய்ய அம்மா மறந்துவிடும்.

"மிஸ், போன் குடுங்க மிஸ், ப்ளீஸ்!"

"என்னடி, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு?"

அம்மாவுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். பசப்பா மாமாவுக்கு அடித்தேன்.

"பாப்பா, நான் ஏரிக்கரைல மாட்டிக்கிட்டேன்! தோப்புல குட்டியோட நிக்குதுங்க. என்னால தாண்டி வர முடியாது. பஸ்ஸு அங்க நிக்காம பாத்துக்கோ!"

எப்படிப் பார்த்துக்கொள்வது? பஸ்ஸில் வேறு யாருடைய நம்பரும் எனக்குத் தெரியாது. உத்தனப்பள்ளி அக்காக்கள் சிலர் அதே பஸ்ஸில் வருவார்கள், அது தெரியும். எக்ஸிபிஷனில் உத்தனப்பள்ளிக்காரர்கள் எழுதிக்கொடுத்த நம்பர்களும் என் ஸ்கிரிப்டில் தனியாக இருந்தன. வெறும் நம்பர்கள், பெயர் இல்லாமல்.

"மிஸ், எங்க ஊரு ரெக்கார்டிங்கையே உத்தனப்பள்ளி முழுக்க அனுப்பிடட்டுமா?"

"இங்க யானையே இல்லையேடி... பாதி பேரு ஒழுங்கா கேக்காமயே ஓடுவாங்க." மிஸ் ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்தார். "அனுப்பு. வர்ற திட்டை ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்கலாம்."

தட்டிவிட்டு கேட்டுக்கு ஓடினேன். தெரு முழுக்கப் போன்கள் அடித்தன. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, என் குரல். எனக்கே என் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது. பஸ் வரும் நேரம் தாண்டியது. மிஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திருப்பத்தில் இரண்டு விளக்குகள். கம்பெனி பஸ்.

அம்மா இறங்கியது.

தோப்பு முனை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பஸ்ஸில் முன்னும் பின்னுமாகப் போன்கள் ஒன்றாக அடித்தனவாம். யாரோ ஸ்பீக்கரில் போட்டதும், படியருகே நின்றிருந்த அம்மா, "ஐயோ, எம்பொண்ணு குரலுடி இது! டிரைவர் அண்ணா, நிறுத்தாதீங்க!" என்று கத்தியிருக்கிறது.

டீக்கடைக்காரர் போனும் கையுமாக வந்தார். "ஏம்மா, உங்க ஊரு யானைக்கு எங்க ஊரையே கூப்பிடுவியா?"

"கூப்பிடுவா," என்றது அம்மா. என் மணிக்கட்டை விடவே இல்லை. வலித்தது.

மறுநாளே ஸ்கிரிப்டை மாற்றினேன். கால் போனால் மஞ்சள், பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போகும். கேட்டவர் போனில் 1-ஐ அழுத்தினால்தான் பச்சை, அழுத்தியது பக்கத்திலேயே தெரியும்.

அப்போது பயந்தால் கேட்டுக்கு ஓட முடிந்தது. அம்மா கை வலிக்க வலிக்கப் பிடிக்கும். இப்போது நான் கிருஷ்ணகிரியில், பூட்டிய கேட்டுக்குள். அம்மாவுக்கு இப்போது செகண்ட் ஷிஃப்ட், ராத்திரி லேட்டாகத்தான் திரும்பும். பசப்பா மாமா இன்று ராத்திரியும் தட்டியிருக்கிறார். இதை எழுத ஆரம்பித்தபோது அம்மா நம்பர் மஞ்சள். சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செருப்புச் சத்தம்... இல்லை, கீழே போய்விட்டது.

இன்னும் மஞ்சள்.

ஒரு தடவை அழுத்தினால் போதும். அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் நான் எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்று, எப்போதும் மூன்று தடவை அழுத்தும்.

இருங்கள்...

பச்சை. பக்கத்தில் 111.