தெள்ளுக்கு அடித்த மருந்து

போன வியாழக்கிழமை ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்குப் போகிற பஸ்ஸில் என்னைத் தெள்ளுப் பூச்சி கடித்தது. சிரிக்காதீர்கள். கணுக்காலுக்கு மேலே, வரிசையாக மூன்று இடத்தில். மழைக்குக் கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மடியில் நனைந்த கம்பளியைச் சுருட்டி வைத்திருந்தார். அதற்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் படக்கென்று எழுந்து சேலையை உதறினேன். கண்டக்டர், “என்னாக்கா, எறங்கணுமா?” என்றார். “இல்லப்பா, தெள்ளு” என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஐம்பதை நெருங்குகிற பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா!

கொசுக் கடி வேறு, தெள்ளுக் கடி வேறு. கொசு ஒரு வாய் குடித்துவிட்டுப் போய்விடும். தெள்ளு அப்படியில்லை, ஒரே வரிசையில் மூன்று நான்கு இடம் பார்த்துக் கடிக்கும். நடுவில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். சொறிந்தால் இன்னும் சொறியச் சொல்லும். அந்த நனைந்த கம்பளி வாசமும் இந்தக் கடியும் சேர்ந்ததும் எனக்குப் பழைய லயத்து வீடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நோர்வூட்டில் இறங்க வேண்டியவள் இரண்டு பஸ் ஹோல்ட் தள்ளி இறங்கி, மழையில் திரும்பி நடந்தேன்.

இருபது வருடத்துக்கு மேலாகிறது, அப்போது நாங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், எட்டுக் காம்பரா லயத்தில், ஐந்தாவது காம்பராவில் இருந்தோம். லயத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக எட்டு வீடு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் தாழ்வாரம். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எட்டு வீட்டுக்கும் மணக்கும். புருஷன் பெண்சாதி சண்டையென்றால்கூட சத்தம் போடாமல்தான் பிடிக்க வேண்டும். நான் அதில் தேறினவள், கண்ணாலேயே ஏசுவேன்.

எனக்குக் கொழுந்து எடுக்கிற வேலை. அவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, மருந்தடிக்கிற வேலை. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு தேயிலைக்குப் பூச்சி மருந்து அடிப்பார். வேலை விட்டு வந்ததும், மலை ஊற்றிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீரில் சவுக்காரம் போட்டு இரண்டு தரம் குளிப்பார். எவ்வளவு குளிரென்றாலும் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவார். குளித்த பிறகும் அவர் தலைமுடியில் லேசாக அந்த மருந்து வாசம் இருக்கும். அந்த வாசத்தோடுதான் குடும்பம் நடத்தினேன், பழகிவிட்டது.

மகளுக்கு அப்போது ஏழு மாதம். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். தவழத் தொடங்கியிருந்தாள். மண் தரை, மேலே சாணி மெழுக்கு, ஊடே விரல் நுழைகிற வெடிப்புகள். அந்த வருடம் ஆனியில் பிடித்த மழை விடவே இல்லை. பக்கத்து வீட்டு மூக்காயி அக்கா தன் ஆடுகள் நான்கையும் பின்பக்கக் கொட்டிலிலிருந்து கொண்டுவந்து இஸ்தோப்பில் கட்டினார். கொட்டில் ஒழுகுகிறதாம். ஆடுகளுக்குச் சூடாக இருக்கட்டும் என்று நாய் இரண்டையும் அங்கேயே படுக்கவிட்டார். பத்து நாளில் தெள்ளு எட்டு வீட்டுக்கும் வந்துவிட்டது.

பெரியவர்கள் நாங்கள் சொறிந்துகொண்டு கிடந்தோம். பிள்ளைக்குச் சொறியத் தெரியுமா? அழத்தான் தெரிந்தது. தொடை, இடுப்பு, கழுத்து மடிப்பு என்று ஓர் இடம் விடாமல் சிவப்புப் புள்ளி. நான்கைந்து இடம் புண்ணாகிச் சீழ் வைத்தது. பால் குடிக்கும்போதே திடுக்கென்று உதறி அழுவாள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் ஆயா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இத இங்க விடாத தாயி, மத்த பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும். ஆறுன பொறகு கொண்டா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக எனக்கு வேறு இடம் கிடையாது, இடுப்பில் கட்டிக்கொண்டே மலைக்குப் போனேன்.

உப்புத் தூவினேன். மண்ணெண்ணெய் தடவின துணியால் தரையைத் துடைத்தேன். வீடு நாறியதுதான் மிச்சம். தட்டில் சவுக்காரத் தண்ணீர் ஊற்றி நடுவில் விளக்கை வைத்தால் வெளிச்சத்துக்குத் துள்ளி வந்து விழும் என்றார்கள். உண்மைதான், விழுந்தது. முதல் நாள் பதினேழு. பெரிய வேட்டைக்காரி மாதிரி எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதற்குள் வெடிப்புக்குள்ளே நூற்றுக்கணக்கில் பொரித்துக்கொண்டிருந்திருக்கும். கம்பளியைத் துவைத்தால் காய வெயில் இல்லை. வெயில் வருகிற நாளில் நாங்கள் மலையில் நிற்போம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்போம், அன்றைக்குப் பார்த்து மழை பெய்யும். இரண்டும் ஒரே நாளில் வாய்க்கவே இல்லை. ஒரு நாள் தரையில் உட்கார்ந்து என் தலையில் நானே அடித்துக்கொண்டு அழுதேன். பாப்பா என்னைப் பார்த்து, அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள்.

மூக்காயி அக்காவிடம் ஆட்டை இடம் மாற்றச் சொல்லிக் கேட்டேன். “எங்க கொண்டு போய்க் கட்ட? ஒங்க வீட்டுக்குள்ளயா? ஆடு ரெண்டும் சினையா இருக்குடி” என்றார். நான் கண்ணால் ஏசிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு சோடாப் போத்தலின் அடியில் கொஞ்சம் மருந்து கொண்டுவந்தார். தேயிலைக்கு அடிக்கிற பூச்சி மருந்துதான். தகர டின்னிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தது. டின்னில் இருந்த எழுத்தை யார் படித்தது? தோட்டத்தில் எத்தனையோ வீட்டில் கரப்பானுக்கும் மூட்டைப் பூச்சிக்கும் இதைத்தான் அடிப்பார்கள். மலையில் பூச்சியைக் கொல்வது வீட்டிலும் கொல்லும், அவ்வளவுதான் எங்கள் கணக்கு. ஞாயிறு காலையில் வாளியில் கலக்கி, டாங்கியில் ஊற்றி, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு தரை, வெடிப்பு, மூலை, பாய், கம்பளி எல்லாவற்றுக்கும் அடித்தார். கூரையில் தொங்கிய தொட்டில் சேலைக்கும் அடித்தார். அதற்கு இரண்டு தரம்.

நான் பாப்பாவோடு வெளியே பீலிக்கரைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அதிசயமாக அன்றைக்கு மழை இல்லை. மதியத்துக்குள் எல்லாம் காய்ந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன். செத்த தெள்ளுகள் மிளகுத் தூள் மாதிரி தரையில் கிடந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? சோறு பொங்கி, பருப்புக் கடைந்து, பிள்ளைக்கு ஊட்டித் தொட்டிலில் போட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அழாமல் தூங்கினாள். சேலையின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கினாள்.

மூன்று மணியிருக்கும். தொட்டிலிலிருந்து ஒரு சத்தம், கர்கர் என்று. போய்ப் பார்த்தால் வாயிலிருந்து எச்சில் வழிந்து கழுத்தெல்லாம் நனைந்திருக்கிறது. உடம்பு வியர்த்துச் சில்லிட்டிருக்கிறது. தூக்கினேன், தலை நிற்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் எட்டு வீடும் வந்துவிட்டது. அவர் பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. “மருந்து ஏறிருச்சு” என்றார். அவர் முகம் அப்படிப் போனதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து லொறி கிடையாது. நல்ல காலம், ரோட்டில் துணி விற்கிற நானா வேனை நிறுத்தி வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை வருகிற முஸ்லிம் வியாபாரி. விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, மனிதர் சேலைக் கட்டுகளை வாரி ரோட்டோரம் போட்டார். “ஏறுங்க தங்கச்சி, ஏறுங்க!” என்று கத்தினார். வளைவுக்கு வளைவு ஹோனை அமத்திக்கொண்டே ஓட்டினார். அவர் துணிகள் ஈர மண்ணில் கிடந்தது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. வேனுக்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. மாதாவையும் கும்பிட்டேன், நானா ஓதுவதற்கும் ஆமீன் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையின் சட்டையைக் கழற்றி முதலில் சவுக்காரம் போட்டுக் கழுவினார். எனக்குக் கோபம், ஊசி போடாமல் குளிப்பாட்டுகிறாளே என்று. தோலில் இருக்கிற மருந்து போனால்தான் உள்ளே போவது நிற்கும் என்று அப்புறம்தான் விளங்கியது. பிறகு ஊசி மேல் ஊசி. பாப்பா நான்கு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். ஐந்தாம் நாள் பசிக்கு அழுதாள். அழுகையைக் கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டவள் இந்த மலைநாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், திரும்பவும் தெள்ளு! எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் பிள்ளையைப் பார்க்க வந்தார். சிங்களத்தி, ஆனால் தமிழை எங்களைப் போலவே பேசுவார். என் காலைப் பார்த்துவிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

“தோட்டத்து மருந்த வீட்டுக்குள்ள எடுக்கவே கூடாது, வெளங்குச்சா? மருந்துல தெள்ளு செத்துச்சு, முட்டையும் கூடும் சாகல. கொதிதண்ணி போதும், சவுக்காரம் போதும். தெனம் கூட்டி அள்ளி அடுப்புல போடு. துணியெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா சுடுதண்ணில ஊற வை. வெடிப்ப மண்ணு வச்சுப் பூசு. ஆட்டையும் நாயையும் வீட்ட விட்டுத் தள்ளிக் கட்டணும், நாயக் கழுவிச் சீப்புப் போட்டு வாரணும். கொதிதண்ணி ஊத்துற நேரம் பிள்ளைங்க கிட்ட வரக்கூடாது, தரை காஞ்ச பொறகுதான் எறக்கி விடணும். எட்டு வீடும் ஒரே நாள்ல செய்யணும். ஒரு வீடு விட்டாலும் வேலையில்ல. மூணு நாலு வாரம் விடாம செய்யணும்.”

எட்டு வீட்டையும் யார் கேட்பது? என் வீட்டுக்காரர்தான் போனார். அவரை அப்போது லயத்தில் எல்லோரும் ‘பிள்ளைக்கு மருந்தடிச்சவன்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். மூக்காயி அக்கா வாசலில் நின்று லயத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: “பெத்த பிள்ளைய கொல்லப் பாத்தவன் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்!”  அவர் தகரம் சுமந்து வந்து, தேயிலை மிலாறுக் கம்புகளை வெட்டி, இரண்டு நாள் மழையில் நனைந்தபடி அக்காவின் பழைய ஆட்டுக் கொட்டிலுக்கு ஒழுகாமல் கூரை போட்டுக் கொடுத்தார்.  அக்கா ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். நான் கதவோரத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு எட்டு அடுப்பிலும் அண்டா ஏறியது. பிள்ளைகள் எல்லோரையும் கோயிலடியில் கொண்டுபோய் வைத்து ஒரு ஆள் பார்த்துக்கொண்டது. வெயில் வரவில்லை, ஆகவே கம்பளிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டோம். எங்கள் வீட்டில் அந்த வேலை முழுக்க அவர்தான் செய்தார். வெடிப்பு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துப் பூசினார். நான்காவது ஞாயிறு முடிந்த பிறகு பாப்பாவின் உடம்பில் புதிதாக ஒரு புள்ளிகூட இல்லை. அவர் அவளை மடியில் போட்டு, முதுகு, தொடை, விரலிடுக்கு என்று வெளிச்சத்தில் பார்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். 

மருந்தடிக்கிற வேலையையும் விட்டுவிட்டு மண்வெட்டி வேலைக்குப் போனார். ஆனாலும் பீலியில் இரண்டு தரம் குளிப்பதை விடவில்லை.

இப்போது அந்த லயம் இல்லை. மண் சரியும் என்று ஆட்களை எழுப்பித் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சீமெந்துத் தரை, கூரை வரைக்கும் சுவர். நல்லதுதான். நான் அந்தக் காம்பராவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன். மூக்காயி அக்கா போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரும் போய்விட்டார்.

மகள் வளர்ந்து, கல்யாணமாகி, கொழும்பில் இருக்கிறாள். வீட்டுக்கு யாராவது வந்தால் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள்: “எங்கப்பா என்னையத் தெள்ளுன்னு நெனச்சு மருந்தடிச்ச ஆளு!” இருந்தவரைக்கும் அவரும் சேர்ந்து சிரிப்பார். “பூச்சி மாதிரித்தானடி இருந்த” என்பார். நான் தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று குசினிக்குள் போய்விடுவேன்.

உங்களிடம் சொல்கிறேன். அன்றைக்குத் தொட்டில் சேலைக்குக் கிட்டே வந்ததும் அவர் டாங்கிக் குழாயைக் கீழே இறக்கிவிட்டார். “இதுக்கு வேணாம்” என்றார். பீலிக்கரையிலிருந்து எட்டிப் பார்க்க வந்த நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அடிக்குரலில் அதட்டினேன்: “அதுலதானே பிள்ளை கெடக்குது! அதுக்கு நல்லா அடிங்க, ரெண்டு தரம் அடிங்க!” ஆஸ்பத்திரி வராந்தாவில் முதல் நாள் அவர் மெதுவாக என்னிடம் சொன்னது இதுதான்: “நீ சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத. தாய ஏசுனா அது லேசுல போகாது. என்னையத்தானே, ஏசிட்டுப் போகட்டும்.”

அவர் இருக்கும்போது, அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு நாள், “அப்பா இல்லடி, நான்தான்” என்று சொல்லியிருக்கலாம். இருபது வருடம் இருந்தது. மகள் என்னைக் கோபித்திருக்கவும் மாட்டாள். இப்போது நான் சொன்னால், அதைக் கேட்க அவர் இல்லை.