நூற்றுக்கு எழுபத்தொன்று

மலேசியாவிலிருந்து அப்பாவுக்கு வந்த பொட்டலத்தில் எட்டுப் பொருட்கள் இருந்தன. ஒரு கடிதம், ஒரு வெள்ளைப் பந்து, ரப்பர் நூல் சுற்றிய ஒரு கட்டை, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய ஐந்து ரப்பர் குமிழ்கள். இன்று காலையில் விழுங்கிய மாத்திரைகள் மூன்றா நான்கா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்த எட்டில் மட்டும் சந்தேகமே கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. விக்கிரமசிங்கபுரத்தில், நூல் மில்லை நம்பியிருந்த தெருக்களில் ஒன்றில், நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தார். காலை ஷிப்டு என்றால் ஐந்தரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவர் திரும்பும்வரை நான் எண்ணிக்கொண்டிருப்பேன். கூரையின் மேல்வரிசையில் எத்தனை ஓடு, தெருவில் எத்தனை சைக்கிள், பாபநாசத்துக்கு எத்தனை பஸ். ஆளில்லாத வீட்டில் எண்ணுவது, யாரோடோ பேசிக்கொண்டிருப்பதற்கு மிகப் பக்கத்தில் வரும் காரியம்.

பொட்டலத்தை அனுப்பியவர், அப்பாவோடு ஒரே பகுதியில் வேலை பார்த்துவிட்டு மலேசியா போன சித்தப்பா முறைக்காரர். அங்கே அவருக்குக் கோல்ஃப் பந்து செய்யும் தொழிற்சாலையில் வேலை. அந்த ஆட்டத்தை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பந்தை வைத்துத்தான் ஆட்டத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. எலுமிச்சம்பழ அளவு, கல் மாதிரி கனம், மேலெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழிகள். குழிகளை மையால் புள்ளி வைத்து எண்ணினேன். முதல் தடவை முந்நூற்று முப்பத்து நான்கு, இரண்டாம் தடவை முந்நூற்று முப்பத்தாறு. மூன்றாம் தடவை எண்ணுவதற்குள் அப்பா அதை ரம்பத்தகட்டால் அறுத்துவிட்டார்.

வெள்ளைத் தோல் பிளந்ததும் உள்ளே இருந்தவை உயிர் வந்ததுபோலத் துள்ளின. மெல்லிய ரப்பர் நூல்கள். நீட்டமுடிந்த மட்டும் நீட்டி இறுக்கிச் சுற்றியிருந்ததால், அறுபட்ட ஒவ்வொரு இழையும் சீறிக்கொண்டு சுருண்டது. அப்பா கையை எடுக்காமல் அந்தத் துடிப்பு அடங்கும்வரை பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு குமிழ். அதற்குள் கஞ்சி போல ஒரு திரவம்.

“நூலுதாம்லே,” என்றார் அப்பா. “ஊரு ஊராக் கொண்டுபோய் அடிக்கானுவளே, எல்லாம் நம்ம நூலு சுத்துத வேலைதான்.”

அம்மா போன பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

கடிதத்தின் சாரம் இது. தொழிற்சாலை எந்திரங்களில் சுற்றும் பந்து ஒரு பக்கம் கனத்துப் போகிறது. அப்படிப்பட்ட பந்தை அடித்தால் கோணலாக ஓடுகிறது. சுற்றுவேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று முதலாளி தேடுகிறார். உள்பந்தை மட்டும் கனம் பிசகாமல் சுற்றி அனுப்பினால், மேல்தோலை அவர்களே போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். பிடித்துவிட்டால் அங்கே மூன்று வருட வேலை. சோதிக்கும் வழியையும் சித்தப்பா எழுதியிருந்தார். பந்தில் ஆறு பக்கமும் எண் எழுதி, உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுழற்ற வேண்டும். கனமான பக்கம் இருந்தால் அது அடியில் போய்விடும். நிற்கும்போது எந்த எண் மேலே வருகிறது என்று நூறு தடவை குறித்து அனுப்ப வேண்டும்.

அம்மாவின் தையல் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் கால்மிதியோடு அப்பா இரண்டு மர உருளைகளைப் பல்சக்கரங்கள் வைத்துப் பூட்டினார். ஒன்று நேராக, மற்றது சற்றுச் சாய்வாக. இரண்டுக்கும் நடுவில் குமிழை வைத்து மிதித்தால் அது உருண்டுகொண்டே நூலை இழுத்துக்கொள்ளும். ஐந்து குமிழ்கள், ஆகவே ஐந்து வாய்ப்புகள்.

முதல் குமிழ் நூலின் இறுக்கம் தாங்காமல் நசுங்கி, வெடித்து, அப்பாவின் சட்டையெல்லாம் கஞ்சி. குமிழை உறையவைத்துக் கல்லாக்கிவிட்டுத்தான் சுற்ற வேண்டும் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்தது. அவசரத்தில் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. மீதி நான்கையும் கடைத்தெருவில் இருந்த குச்சி ஐஸ் கம்பெனிக்கு எடுத்துப் போனோம்.

“இதென்ன வே, மீன் முட்டையா?” என்று கேட்டார் கம்பெனி அண்ணாச்சி. “ஐஸுல கவிச்சி அடிச்சா ஒரு புள்ள வாங்காது, பாத்துக்கிடும்.”

“மலேசியாவுக்குப் பந்து செய்யுதோம் அண்ணாச்சி,” என்றேன் நான். அண்ணாச்சி அப்பாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உப்புப் போட்ட ஐஸ் தொட்டியைத் திறந்துவிட்டார்.

இரண்டாவது பந்து நடுவில் பெருத்தது. எதிர்வீட்டு மாமா மில்லில் ஃபிட்டர், கேலிக்குப் பஞ்சமில்லாதவர். அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். “என்னவே, பந்துக்கு அரைஞாண் கட்டி விட்டிருக்கீரு! பொறந்து முப்பது நாளு ஆயிட்டோ?” என்றார்.

அப்பா சிரித்தார். மில் பழக்கம்தான் காரணம் என்று பிறகு சொன்னார். நூல்கண்டில் ஒழுங்காகப் போன வழியிலேயே நூல் திரும்பப் போக வேண்டும், பந்தில் போகவே கூடாது. அதனால் மூன்றாவது பந்தை அப்பா மிதிக்க, நான் கட்டைவிரலால் அவ்வப்போது திருப்பிவிடுவது என்று ஏற்பாடு. “எண்ணாதலே, சும்மா தோணும்போது திருப்பு,” என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். சும்மா தோன்றுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை திருப்பினேன். பந்தில் பூசணிக்காய் போல வரிகள் எழும்பின. உப்புத் தண்ணீரில் விட்டபோது, எப்படிச் சுழற்றினாலும் இரண்டாம் எண்தான் மேலே வந்தது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பகா எண்கள் நடந்துகொண்டிருந்தன. உருளைகளை ஓட்டிய பல்சக்கரங்களின் பற்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்றில் நாற்பது, மற்றதில் இருபது. பெரியது ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அதனால்தான் நூல் போன வழியிலேயே போகிறது. இருபதுக்குப் பதில் முப்பத்தேழு போட்டால் அவ்வளவு சீக்கிரம் சந்தித்துக்கொள்ளாது என்று அப்பாவிடம் சிலேட்டில் போட்டுக் காட்டினேன். அவர் சிலேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநாளே அம்பாசமுத்திரத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். குவியலில் உட்கார்ந்து பல் எண்ணியவன் நான்தான். இருபத்து மூன்றாவது சக்கரத்தில் முப்பத்தேழு கிடைத்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டே என் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அந்த ஆறு மைலும் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கக் கூடாதா என்று இப்போதும் தோன்றுகிறது.

நான்காவது பந்து உருண்டையாக வந்தது. எந்த இடத்திலும் ஒரு மேடு இல்லை. அப்பா அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பஞ்சர் ஒட்டும் பசையால் நூலின் நுனியை ஒட்டிவிட்டு, ஆறு எண்களையும் எழுதினார்.

அன்று மாலை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். வாழைத்தாரோடு வந்து இறங்கி, உள்ளே போகும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“மூணு வருசந்தான தம்பி, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும். புள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ தைரியமாப் போ.” பிறகு என் கன்னத்தைக் கிள்ளினாள். “எங்க வீட்டுல பழத்துக்குப் பஞ்சமில்லலே மருமவனே. எண்ணி எண்ணித் திங்கலாம்.”

வேலை கிடைத்தால் இரண்டு பேரும் போவோம் என்றே நான் நினைத்திருந்தேன். அப்படி யாரும் சொன்னதில்லை. இல்லை என்றும் யாரும் சொன்னதில்லை. அப்பா என்னைப் பார்க்காமல், பந்தை ஒரு கிண்ணத்தில் வைத்து மூடினார். மூன்று வருடம் என்பது ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள். நடுவில் லீப் வருடம் வந்தால் இன்னும் ஒன்று. அத்தை வீட்டில் ஏழு பேர். எட்டாவதாக நான் எந்த மூலையில் படுப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அத்தை முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அது சனிக்கிழமை. அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும்போது, “நூறு தடவ சுத்திப் பாத்து எழுதி வையிலே. பைய செய், அவசரமில்ல. நீ எண்ணுனா சரியா இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சமையல் பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் கலக்கி, பந்தை மிதக்கவிட்டு, நூறு தடவை சுழற்றினேன். ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. ஒன்று பதினேழு, இரண்டு பதினைந்து, மூன்று பதினெட்டு, நான்கு பதினாறு, ஐந்து பத்தொன்பது, ஆறு பதினைந்து. கூட்டினால் நூறு. பந்துக்குக் கனமான பக்கமே கிடையாது. அது எந்தப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளாமல், தோன்றிய இடத்தில் நின்றது. அதைச் செய்தது என் முப்பத்தேழு. வாசலில் போய் நின்றேன். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

பிறகு உள்ளே வந்து அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். புதுத் தாளில் எழுதினேன். நான்காம் எண் எழுபத்தொரு தடவை. மற்ற ஐந்துக்கும் ஆறு, ஐந்து, ஏழு, ஐந்து, ஆறு. நூறும் நான்கு என்று எழுதினால் பொய் என்று தெரிந்துவிடும். பார்வைக்கு அவ்வளவு உருண்டையாக இருக்கும் பந்து என்னதான் கெட்டுப்போயிருந்தாலும் எழுபத்தொன்றுக்கு மேல் போகாது என்று எனக்குள் நியாயம் செய்துகொண்டேன். பொய்யிலும் ஒரு அளவு வேண்டும் என்று நினைத்தேன்.

அப்பா இரண்டரைக்கு வந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, தாளை எடுத்து நின்றபடியே படித்தார். ஆறே ஆறு எண்கள். அவற்றைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

“நூறும் பாத்தியாலே?”

“பாத்தேன்.”

“கண்ணு வலிச்சுதா?”

“இல்ல.”

பாத்திரத்தில் பந்து இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து அதை எடுத்து, துண்டில் துடைத்தார். ஒரு தடவை சுழற்றிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார்.

“இன்னும் ஒரு குமிழு இருக்கே,” என்றேன். அவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்ற பயம்.

“போதும்லே,” என்றார்.

அன்றே சித்தப்பாவுக்கு நான்கு வரி எழுதினார். தபால்பெட்டியில் போட்டவன் நான். சேதி கேட்டு அத்தை வந்து, “வந்த சீதேவியத் தள்ளிவிட்டுட்டியே தம்பி,” என்று திட்டிவிட்டுப் போனாள். அப்பா உருளைகளைக் கழற்றிவிட்டு, தையல் மெஷினைப் பழையபடி பூட்டினார்.

அப்பாவை நிறுத்திவைத்துவிட்டேன். ஆனால் அதன் பிறகு அவர் என்னிடம் எதையும் எண்ணச் சொல்லவில்லை. நானும் அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை. உட்கார்ந்தால் உண்மை வாயில் வந்துவிடும். இருவரும் எதிரெதிரே சாப்பிடுவோம். தட்டில் விரல் படும் சத்தம் கேட்கும். ஸ்ரீவைகுண்டத்துக்கு அனுப்பியிருந்தால்கூட ஏழு பேர் இரைச்சலாவது இருந்திருக்கும்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் சித்தப்பா ஊருக்கே திரும்பிவிட்டார். நான் அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரி. நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, இப்போதெல்லாம் நூல் சுற்றும் பந்தே எடுபடவில்லை என்றார். ரப்பரை அச்சில் வேகவைத்து, ஒரே கட்டியாக உருண்டையாக்கி, மேலே தோல் போட்டுவிடுகிறார்களாம். எல்லாப் பந்தும் ஒரே கனம், ஒரே ஓட்டம். சுற்றும் எந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம்.

“அப்பம் சுத்துததே கெடையாதா?” என்று அப்பா கேட்டார்.

“கெடையாதுண்ணே.”

“உள்ள நூலே இல்லியா?”

“ஒண்ணுமே இல்ல. ஒரே கட்டிதான்.”

அப்பா திரும்பவும் அதையே கேட்டார். எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. போயிருந்தாலும் நிலைத்திருக்காது. ஆகவே என் எழுபத்தொன்றைக் கழித்துவிடலாம். அன்றாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு நான்கு வருடம் கழித்து அவர் இறந்துபோனார்.

அதற்கும் பல வருடங்களுக்குப் பிறகு, சென்னையில் என் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய பிளாஸ்டிக் பந்து ஒன்று ஓட்டையாகி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகுந்திருந்தது. அவள் அதைத் தொட்டியில் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே சிவப்புப் பட்டை மேலே வந்து நின்றது. எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது. முப்பது வரை எண்ணினேன். முப்பதும் அதே பட்டை.

கனமான பக்கம் நூற்றுக்கு எழுபத்தொரு தடவை அடியில் போகாது. போனால் நூறும் போகும், இல்லாவிட்டால் இஷ்டத்துக்கு நிற்கும். நான் தாளில் எழுதியது போன்ற பந்து உலகத்தில் எங்கும் கிடையாது. அரை இழை கனம் கூடினாலே விரலில் தெரிந்துகொள்பவருக்கு, அந்த ஆறு எண்களைப் படித்து முடிக்கும் முன்பே அது தெரிந்திருக்கும். மீதி நேரமெல்லாம் அவர் படித்துக்கொண்டிருந்தது எண்களை அல்ல.

அப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துத்தான், பதினோரு வருடம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.